ஒரு ஜோடிக்கு எட்டு கிராம்

2019 மார்ச் 14, வியாழக்கிழமை. தொழிற்பேட்டையின் நான்காம் தெருவில் இருக்கும் காலணித் தொழிற்சாலையில் தயாராகும் ஒரு ஜோடி நடைக்காலணியின் வாழ்நாள் ஆய்வறிக்கை அன்று சமர்ப்பிக்கப்பட்டது. அறுபத்தொரு பக்கம். இருபத்துமூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை, தலைப்பு 'விடுபட்டவை'. அதில் மூன்றாவது வரி: 'பசை. ஒரு ஜோடிக்கு எட்டு கிராம். மொத்த எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கணக்கில் சேர்க்கப்படவில்லை.'

அந்த வரியை எழுதியவளுக்கு அப்போது வயது இருபத்தாறு. ஒரு பொருளின் மூலப்பொருள் மண்ணிலிருந்து எடுக்கப்படும் நாள் முதல் அந்தப் பொருள் குப்பைக்குப் போகும் நாள் வரை அது காற்றுக்கும் நீருக்கும் எவ்வளவு கேடு செய்கிறது என்று அளந்து சொல்லும் சிறிய நிறுவனத்தில் அவளுக்கு வேலை. எட்டுப் பேர், இரண்டு அறை. காலணிக்கு எத்தனை கிராம் ரப்பர், எத்தனை கிராம் துணி, எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை யூனிட் மின்சாரம் என்று எல்லாவற்றையும் வகுத்து வகுத்துக் கடைசியில் ஒரு ஜோடியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒரு ஜோடிதான் அவர்களுடைய அலகு.

எல்லாவற்றையும் அளந்து மாளாது. அதனால் அந்தத் துறையில் ஒரு விதி உண்டு. எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பதை விட்டுவிடலாம். விதிக்கு ஒரு வாலும் உண்டு. நச்சு என்று தெரிந்த பொருளை, எவ்வளவு சிறிதானாலும், விடக் கூடாது. பசை தயாரிக்கும் கம்பெனிக்கு அவள் மூன்று கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. பதில் வராததால் நச்சு என்றும் தெரியவில்லை. காலணி 820 கிராம். பசை எட்டு கிராம். மயிரிழையில் கோட்டுக்குக் கீழே. விட்டுவிட்டாள். ஒரு வரி குறைந்ததே என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

பசை அறையை அவள் நேரில் பார்த்திருந்தாள். மதிய இடைவேளை நேரம். பன்னிரண்டு ஸ்டூல், நீள மேசை, ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன.

அறிக்கையால் தொழிற்சாலைக்குச் சுற்றுச்சூழல் தரத்துக்கான பச்சை இலைச் சின்னம் கிடைத்தது. அதே வருடம் ஜூன் மாதம் அவளுடைய அக்கா வேலை பார்த்த தையல் கம்பெனி மூடப்பட்டது. அத்தான் நெடுந்தூர லாரி ஓட்டுபவர், மாதத்தில் நான்கு நாள்தான் வீட்டில் இருப்பார். அக்காவால் சும்மா உட்கார முடியாது.

"நானே போய்ப் பார்த்த இடம்க்கா. பச்சை இலை வாங்கின ஃபேக்டரி. கண்ணை மூடிக்கிட்டுச் சேரு" என்றாள் தங்கை.

அக்கா சேர்ந்தாள். பசை மேசையில் போட்டார்கள். ஆறே மாதத்தில் அவளுக்கு 'மிஷின்' என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவு கைவேகம்.

2023 ஆகஸ்டில் ஒருநாள் அக்கா பஸ் நிறுத்தத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது. "ஊருக்கெல்லாம் செருப்பு ஒட்டுறேன், என் கால்ல ஒண்ணு ஒட்டமாட்டேங்குது பாரு" என்று போனில் தங்கையிடம் சொல்லிச் சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். அடுத்த மாதம் கண்ணாடி டம்ளர் கையிலிருந்து நழுவியது. நவம்பரில் பித்தான் போட முடியவில்லை.

மருத்துவர் ஒரு சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. "பசை, தின்னர் பக்கம் வேலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சீட்டில் எழுதினார். பசையை இளக வைக்கும் கரைப்பான் ஆவியாகி மூச்சில் ஏறும். வருடக்கணக்கில் ஏறினால் கைகால் நரம்பைத் தின்றுவிடும். விலகியிருந்தால் ஓரளவு திரும்பலாம், முழுவதும் திரும்பும் என்று சொல்ல முடியாது.

அக்கா மருத்துவ விடுப்பில் இருந்தபடி தொழில்நோய் வாரியத்துக்கு மனுப் போட்டாள். வாரியம் ஒத்துக்கொண்டால் ஆயுள் முழுக்க வைத்தியம் அதன் பொறுப்பு, பசை இல்லாத வேறு வேலையைத் தொழிற்சாலையும் தந்தாக வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் 'உடல் தகுதி இல்லை' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாரியத்தின் பதிலை எடுத்துக்கொண்டு அக்கா தங்கை வீட்டுக்கு வந்தாள். மாடிப்படியில் கைப்பிடியை விடவில்லை. ஒவ்வொரு காலையும் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

"எழுத்து தெரியுது, விஷயம் புரியல. நீ படிச்சவ, சொல்லு" என்று உறையை நீட்டினாள்.

தங்கை படித்தாள். தொழிற்சாலை கொடுத்த விளக்கத்தின்படி பசையின் அளவு பொருட்படுத்தத் தக்கதல்ல; ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது; மனுதாரரிடம் மறுப்பு இருந்தால் அறுபது நாளில் தெரிவிக்கலாம். கடிதத்தின் பின்னால் ஒரு நகல். இருபத்துமூன்றாம் பக்கம்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? எந்த மகராசன் எழுதினான் அதை? எட்டு கிராமாம்ல, எட்டு கிராம்! ஆளு கையில கெடைக்கட்டும்."

"நான்தான்க்கா எழுதினேன்."

அக்கா சிரிப்பதற்கு வாயைத் திறந்தவள், தங்கையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து தங்கை எதிரே உட்கார்ந்தாள்.

"எட்டு கிராம்னா? ஒரு ஜோடிக்கா?"

"ஒரு ஜோடிக்கு."

"நான் ஒரு நாளைக்கு அறுநூறு ஜோடி ஒட்டுறேன்டீ."

அக்கா விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். மடங்கியதா என்று ஒவ்வொரு விரலையும் பார்த்துக்கொண்டாள். "நாலாயிரத்து எண்ணூறு. கிட்டத்தட்ட அஞ்சு கிலோ. எனக்கு மட்டும். மேசையில பன்னண்டு பேரு."

"அதுல முக்கால்வாசி காத்துல போயிடும்" என்றாள் தங்கை. அவள் தலைக்குள் பெருக்கல் முடிந்திருந்தது. நாற்பத்துமூன்று கிலோ. ஒரு அறையில், ஒரு நாளைக்கு. வகுத்தே பழகியவள் ஐந்து வருடத்தில் ஒருமுறைகூடத் திருப்பிப் பெருக்கிப் பார்க்கவில்லை.

"காத்துல எங்க போறது? ஜன்னலைத்தான் மூடி வச்சிருப்பாங்களே. ஈரப்பசையில தூசி ஒட்டும்னு."

"நான் பார்த்தப்ப தொறந்திருந்துச்சுக்கா."

"எப்ப வந்த?"

"மதியம். சாப்பாட்டு நேரம்."

"அதான்" என்றாள் அக்கா. பிறகு, "சாப்பிடுறப்ப மட்டும் தொறப்போம்" என்றாள்.

அந்த வாரமே தங்கை வாரியத்துக்குத் தன் பெயரில் கடிதம் எழுதினாள். இருபத்துமூன்றாம் பக்கத்தில் உள்ளது தவறு, எழுதியது நான், பெருக்கினால் கணக்கு இது. மார்ச் 5 அன்று ஆய்வாளர் நேரில் வந்து காற்றை அளப்பார் என்று வாரியம் பதில் போட்டது.

பச்சை இலைச் சின்னத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த வேலையும் அதே மாதங்களில் அவள் மேசைக்கு வந்தது. நிறுவனத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பசையைச் சேத்துக்கோம்மா, யார் வேண்டாம்னா?" என்றார் அவர். "வேற ஆளை அனுப்பலாம்னா இந்த ஃபேக்டரி உனக்குத்தான் அத்துப்படி. ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் முறைப்படி பண்ணு. ஒரு புள்ளி தவறினாலும் அக்காவுக்காகப் பண்ணினேன்னு ஈசியா சொல்லிடுவாங்க."

முறை என்பது இதுதான். நேரில் போவதற்கு மூன்று வாரம் முன்பே தொழிற்சாலைக்குத் தரவுப் படிவம் அனுப்ப வேண்டும். என்னென்ன கேட்கப்போகிறோம் என்று தெரிந்தால்தான் அவர்கள் எண்களைத் தேடி எடுத்து வைப்பார்கள். எப்போதும் நாற்பத்தாறு வரிகள். தங்கை நாற்பத்தேழாவதாக ஒன்றைச் சேர்த்தாள்: 'தற்போது பயன்படும் பசையின் வகை, அளவு, கரைப்பானின் பங்கு, அறையின் காற்றோட்டம்.' பிப்ரவரி 5 அன்று அனுப்பினாள்.

பிப்ரவரி 26 அன்று தராசும் நோட்டுமாகப் போனாள். தர மேலாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐந்து வருடத்துக்கு முன்பு டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர், தலை மட்டும் நரைத்திருந்தது.

"வாங்க மேடம். உங்க ஃபார்மைப் பார்த்ததும்தான் எங்களுக்கே உறைச்சுது. முதல்ல பசை ரூமைப் பாருங்க, அப்புறம் மத்ததெல்லாம்."

பசை அறையில் வாடை இல்லை. மேசைமேல் வெள்ளை நிறத்தில் புதுக் கேன்கள். நீரில் கரைந்த பசை. சுவரில் இரண்டு பெரிய மின்விசிறிகள் காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தன. ஈரச் சுண்ணாம்பு போல லேசான மணம். பதினொரு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒரு நிமிடம் நீடித்திருக்கும்.

"எப்ப மாத்தினீங்க?"

"ரெண்டு வாரம் இருக்கும் மேடம். செலவைப் பார்க்காதீங்கன்னு முதலாளியே சொல்லிட்டார்."

"பழைய டின்?"

"கம்பெனிக்காரனே வந்து தூக்கிட்டுப் போயிட்டான். ஒண்ணு விடாம."

"அஞ்சு வருஷமா வாங்கின பதிவு இருக்கும்ல? அதைப் பார்க்கணும்."

தர மேலாளர் கோப்பைத் திறந்து நாற்பத்தேழாவது வரியில் விரலை வைத்தார். குரலில் கிண்டல் இல்லை. "தற்போது பயன்படும் பசைன்னுதானே மேடம் கேட்டிருக்கீங்க?"

தராசை வைத்து அளந்தாள். ஒரு ஜோடிக்கு ஒன்பது கிராம். எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது மேசைக் கோடியில் இருந்த ஒரு பெண் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நீ மிஷினோட தங்கச்சிதானே? இப்பல்லாம் சாயந்திரம் தலைவலி வர்றதில்லன்னு அக்காகிட்ட சொல்லு."

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு ஒன்றும் நேராக இல்லை. தங்கை நடந்ததைச் சொன்னாள். தலைவலிச் செய்தியையும் சொன்னாள்.

"அவதானே, கோடியில உக்காந்திருப்பாளே? நல்ல பிள்ளை. தினமும் மாத்திரை போடுவா" என்றாள் அக்கா. "ஏன்டி, அந்த ஃபார்மை அனுப்பாம நீ பாட்டுக்குப் போய் நின்னிருக்கக் கூடாதா?"

"அப்படிப் போகக் கூடாதுக்கா. முறை."

"முறை" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, புதிதாகக் கேட்ட சொல்லைச் சொல்லிப் பார்ப்பது போலச் சொன்னாள். "நான் எதுக்குச் சொல்றேன்னா, அஞ்சாம் தேதி அந்த ஆளு வர்றப்ப என்னத்தை அளப்பாரு?"

தங்கை ஒரு சட்டையை எடுத்து மடித்தாள்.

"நீ ஏன் அழுவுற? மடிச்சதை நனைக்காதே. அந்தப் பக்கம் திரும்பி அழு."

மார்ச் 5 அன்று வாரியத்தின் ஆய்வாளர் வந்தார். அறையின் நான்கு மூலையிலும் கருவி வைத்து அளந்தார். காற்றில் கரைப்பான் இல்லையென்றே சொல்லலாம். பதினொரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு அறையில் நாற்றம் உண்டா, தலைவலி உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அது உண்மை. முன்பு எப்படி இருந்தது என்ற கேள்வி அவருடைய படிவத்தில் இல்லை. யாரும் தாமாகச் சொல்லவுமில்லை. அவர்களுக்கும் வேலை வேண்டும்.

பழைய பசையைப் பற்றிப் பேசும் ஆவணம் 2019 அறிக்கை ஒன்றுதான். அதில் இருந்தது இருபத்துமூன்றாம் பக்கம். தங்கையின் கடிதத்தை, மனுதாரரின் உடன்பிறந்தவர் என்பதால் ஆதாரமாக ஏற்க முடியாது என்று வாரியம் குறித்தது. மருத்துவரின் சீட்டில் நோய் இருந்தது. எந்த இடத்தில் வந்தது என்பதை அவர் எழுதவில்லை, எழுதவும் முடியாது.

ஏப்ரல் 18, வியாழக்கிழமை மனு தள்ளுபடி செய்யப்பட்டது. மே முதல் வாரத்தில் தொழிற்சாலை அக்காவை உடல் தகுதி இல்லை என்று எழுதி அனுப்பியது. அத்தான் லாரியை விட்டுவிட்டு உள்ளூரில் ஒரு கிடங்கில் சேர்ந்தார், அக்காவைப் படியில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்பதால். அக்கா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள். செருப்புக்குப் பின்னால் தங்கை ஒரு எலாஸ்டிக் பட்டை தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

புதிய அறிக்கை ஜூன் மாதம் சமர்ப்பிக்கப்பட்டது. அறுபத்திரண்டு பக்கம். பசைக்கு இப்போது கணக்கில் ஒரு வரி இருக்கிறது. ஒரு ஜோடியால் காற்றில் கலக்கும் மொத்தக் கரியமில வாயு 9.4 கிலோ. பழைய அறிக்கையிலும் அதே 9.4. சின்னம் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.