கிளாரிதா வீட்டுப் பின்கட்டு

நெலீதாவின் கடையில் நாய்க்குட்டி வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்தால் சோப்போ கழுத்துப்பட்டையோ வாங்கத்தான் வருவார்கள். பெர்தோ அப்படி வரவில்லை. அவன் இலோய்லோ நகரத்துப் படகுத்துறையிலிருந்து எதிர்த்தீவுக்குப் படகு ஓட்டுகிறவன். கிறிஸ்துமஸுக்காக மகளுக்கு சடைமுடி தொங்கும் ஷிட்சு சாதி நாய்க்குட்டி ஒன்று வாங்கிப் போயிருந்தான். புத்தாண்டு கழிந்த கையோடு ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கல்லா மேசைமேல் வைத்தான்.

"செத்துப்போச்சுக்கா. ரத்தம் ரத்தமா கழிஞ்சுது. கடைசி வரைக்கும் எம்மக மடியிலயேதான் வச்சிருந்தா."

நெலீதா பெட்டியின் மூடியில் கை வைத்தாள். வாய் பழக்கப்பட்ட கேள்வியைத்தான் கேட்டது.

"குளிப்பாட்டினீங்களா?"

"ஒரே ஒரு தடவக்கா. பொஞ்சாதிதான்... நாத்தமடிக்குதுன்னு..."

"பாத்தீங்களா! படிச்சுப் படிச்சு சொன்னேனே, பச்சக் குட்டிய தண்ணியில போடாதீங்கன்னு."

பெர்தோ தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப அவளாலதானா?" என்றான்.

நெலீதா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

குட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்று யார் கேட்டாலும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "மலைப்பக்கம் ஒரு நாய்ப்பண்ண. வளக்குறது வேற யாருமில்ல, எம்பொண்ணோட ஞானத்தாய். புள்ளைங்க மாதிரி பாத்துக்குவா." அவளுக்குத் தெரிந்தவரை அது பொய்யில்லை. கிளாரிதாவும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கிளாரிதா பன்றி வளர்த்துக் கொழித்தவள். பன்றிக்காய்ச்சல் வந்த வருஷம் அதிகாரிகள் வந்து எல்லாவற்றையும் ஒரே குழியில் போட்டு மூடியபோது, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதவள் நெலீதாதான். அதற்குப் பிறகு கிளாரிதா நாய்களுக்கு மாறினாள்.

நெலீதா அந்த வீட்டுக்கு அடிக்கடி போவாள். வாசல் முழுக்க ஆர்க்கிட் தொங்கும். தலையில் ரிப்பன் கட்டிய வெள்ளை நாயொன்று பாயில் படுத்திருக்கும். "இவதான் தாய்க்காரி" என்று கிளாரிதா அதன் கழுத்தைத் தடவுவாள். போவதற்கு முன் மட்டும் போன் பண்ணிவிட வேண்டும். "சொல்லிட்டு வாடி, சமைச்சு வைக்க வேணாமா?" என்பாள்.

பெர்தோ வந்து போன அடுத்த வாரம், நகரத்தில் குழந்தை இயேசு திருவிழாவுக்கு மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். நெலீதா மலையூர் ஒன்றில் உறவுக்காரக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டுத் தன் வேனில் மலையிறங்கி வந்தாள். வழியில் அவித்த சோளம் வாங்கினாள். கிளாரிதாவுக்கு உயிர். இன்று சொல்லாமல் போய் நிற்போம், பெர்தோவின் குட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வண்டியைத் திருப்பினாள்.

கேட் சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வாசலில் வெள்ளை நாய் மட்டும் எழுந்து வந்து வாலாட்டியது. கூப்பிட்டுப் பார்த்தாள். பதிலில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனபோதுதான் வாடை வந்து மூக்கில் இடித்தது. அடிப்பாவி, மறுபடியும் பன்றி வாங்கிவிட்டாளா என்று ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டாள்.

பழைய பன்றிக்கொட்டிலை மறைத்து ஏதோ தேர்தல் பேனரைக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். காய்ந்த விளக்குமாற்றால் நிறையப் பேர் சேர்ந்து தரையைக் கூட்டுகிற மாதிரி. நெலீதா பேனரை விலக்கினாள்.

கம்பிக்கூண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரைவரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் நாய்கள். அவளைக் கண்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் கம்பியில் பாய்ந்து, கழுத்தைப் பின்னுக்குத் தள்ளி, வாயைப் பிளந்து குரைத்தன.

சத்தம் வரவில்லை.

மலையிறக்கத்தில் காது அடைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்து நெலீதா விரலை விட்டுக் குடைந்தாள். எங்கோ தூரத்தில் ஒரு சேவல் கூவியது தெளிவாகக் கேட்டது. காது நன்றாகத்தான் இருந்தது. நாய்களின் தொண்டையிலிருந்துதான் வெறும் காற்று வந்துகொண்டிருந்தது. இத்தனை வாய்கள் திறந்து மூடுகின்றன, இத்தனை பற்கள் தெரிகின்றன, கேட்பதெல்லாம் அந்த விளக்குமாற்றுச் சத்தம்தான்.

அவள் கையிலிருந்த சோளப் பொட்டலம் எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

கூண்டுகளுக்கு அடித்தளமும் கம்பிதான். மேல்கூண்டின் மூத்திரம் கீழ்க்கூண்டின் முதுகில் சொட்டியது. ரோமம் சடைபிடித்துத் தேங்காய்நாராகி, எது தலை எது பின்புறம் என்று தெரியாமல் சில கிடந்தன. ஒன்றின் நகம் வளர்ந்து கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு தாய் படுத்தபடியே கண் திறக்காத குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்று அசையவில்லை. தாய் அதையும் விடாமல் நக்கியது.

கீழ்வரிசையின் மூலையில் பாலாடைக்கட்டி நிறத்தில் ஒரு நாய். இடது காதில் பாதி இல்லை.

"கேசோ?"

நெலீதாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. கேசோ அவள் வீட்டு நாய். குட்டியாக இருந்தபோது பெருச்சாளி கடித்துப் போன காது அது. கடைக்கு மேலேயே குடிவந்தபோது இடம் போதாமல், தோட்டமிருக்கிற வீடாயிற்றே என்று கிளாரிதாவிடம் கொடுத்திருந்தாள். "ஒன் கேசோ மாந்தோப்புல போடுற ஆட்டத்தப் பாக்கணுமே" என்று கிளாரிதா போனில் சொல்லும்போதெல்லாம் நெலீதாவும் மகள் மாய்மாயும் சிரிப்பார்கள். நேரில் போய்க் கேட்டால், இப்போதுதான் தோப்புக்குள் ஓடிற்று என்பாள்.

கேசோ வயிற்றை இழுத்துக்கொண்டு கம்பியோரம் வந்தது. ஒரு கண் வெள்ளையாகப் பூத்திருந்தது. வாலை ஆட்டப் பார்த்தது, கூண்டில் அதற்கு இடமில்லை. வாயைத் திறந்தது. காற்று வந்தது.

"நீ ஏண்டி சொல்லாம வந்த?"

ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கையில் வாளியோடு கிளாரிதா நின்றாள்.

"இதுங்க தொண்டைய என்னடி பண்ணுன?"

"மொதல்ல வெளிய வா. காபி போடுறேன்."

"தொண்டைய என்ன பண்ணுன, கிளாரி?"

கிளாரிதா வாளியைக் கீழே வைத்தாள். "பக்கத்து வீட்டுக்காரன் சத்தம் தாங்கலன்னு புகார் குடுத்துட்டான். என்ன செய்யச் சொல்ற? ஒருத்தன் இருக்கான். வாய் வழியா கம்பிய விட்டுக் குரல் நரம்ப அறுத்து ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டுப் போயிருவான்."

"மயக்க ஊசி போட்டா?"

கிளாரிதா வாளித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றத் தொடங்கினாள். "அதுக்கெல்லாம் யாரு காசு குடுப்பா?" என்றாள்.

 நெலீதா பன்றித் தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "புள்ளைங்க மாதிரின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேனேடி. எம்பொண்ண ஒன் கையில குடுத்துல்ல ஞானஸ்நானம் பண்ணினேன்."

"ஐயோடா, வந்துட்டா புனிதவதி!" கிளாரிதாவின் முகம் சிவந்தது. "கிறிஸ்துமஸ் நெருங்குது, பால் மறக்காட்டியும் பரவால்ல, கையளவு இருந்தாத்தான் ஜனங்க வாங்குறாங்க, சீக்கிரம் அனுப்புன்னு போன்ல கத்துனது யாரு? நானா? வருஷம் முழுக்க, கேட்ட நேரத்துக்கெல்லாம் குட்டி வந்து எறங்குதே, எப்படி வருதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா? ஒரு தடவயாச்சும் தாயக் காட்டுன்னு சொன்னியா?"

"காட்டுனியே... வாசல்ல... ரிப்பன் கட்டி..."

"அது எங்க வூட்டு நாய்டி. குட்டியே போட்டதில்ல. அதுக்கு எப்பவோ ஆபரேஷன் பண்ணியாச்சு."

 நெலீதா எத்தனை பேரிடம் அந்த வெள்ளை நாயின் படத்தைக் காட்டியிருப்பாள்! கண்ணைப் பாருங்க, அப்படியே குட்டிக்கும் அதே கண்ணு என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாள். சத்தியமென்று நம்பித்தான் சொன்னாள். அது இப்போது இன்னும் கேவலமாகத் தோன்றியது.

"கேசோவத் தொறந்து விடு."

"அது சினையா இருக்கு, நெலி."

"தொற."

கையில் எடுத்தபோது கேசோ ஒரு துணி மூட்டையைப்போல லேசாக இருந்தது. மற்ற நாய்கள் மறுபடியும் வாயைப் பிளந்து கூரையைப் பார்த்துக் குரைத்தன. நெலீதா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கிளாரிதா கேட்வரை பின்னாலேயே வந்தாள். அதுவரை இருந்த கோபமெல்லாம் வடிந்து, பழைய பெஞ்சுத் தோழியின் குரலில் கேட்டாள்:

"மாய்மாய்கிட்ட மட்டும் சொல்லிராதடி."

நெலீதா வேனில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.  நகரத்துக்குள் நுழைந்ததும் மேளக்காரர்கள் தெருவை அடைத்துக்கொண்டு அடித்தார்கள். மடியில் கிடந்த கேசோ அந்தச் சத்தத்துக்குப் பயந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு நெலீதா வாய்விட்டு அழுதாள்.

கால்நடை மருத்துவர் கேசோவின் வயிற்றைத் தொட்டதுமே தலையை ஆட்டினார். உள்ளே குட்டிகள் உயிரோடு இல்லை. அறுத்து எடுத்தார்கள். கேசோ பிழைத்தது. குரல் போனது போனதுதான் என்றார்.

மாய்மாயிடம் அவள் அன்றைக்கே சொன்னாள். மகள் நம்பவில்லை. "ஞானம்மா அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க, நீங்க சண்ட போட்டுட்டு வந்து கத கட்டுறீங்க" என்று கத்தினாள். பிறகு கேசோவின் தையலையும் நகங்களையும் பார்த்தாள். அதன் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டாள்.

கால்நடை அலுவலகத்துக்குப் போன் செய்வது நெலீதாவுக்குச் சுலபமாக இருக்கவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக அடுத்த நாள் காலை முழுக்கப் போயிற்று. கடைசியில் பேசியபோது, "அந்தக் குட்டிங்க எந்தக் கடைக்குப் போகுது?" என்று அதிகாரி கேட்டார்.

"என் கடைக்குத்தான்" என்றாள்.

அதிகாரிகளும் நாய்க்காப்பகத்து ஆட்களும் லாரி எடுத்துக்கொண்டு போனார்கள். சடையை மழித்து எடுத்தபோது சில நாய்களுக்கு உள்ளே கழுத்துப்பட்டை சதையோடு ஒட்டிப் போயிருந்ததாம். கிளாரிதாவின்மேல் வழக்குப் பதிவானது. நெலீதாவின் கடையையும் வந்து சோதித்து, எச்சரித்துவிட்டுப் போனார்கள். இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்தவர்கள் தேவாலயத்தில் நெலீதாவைக் கண்டால் வேறு வரிசைக்கு நகர்ந்தார்கள். கட்டிப்பிடித்து அழுதவளே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று காதுபடவே பேசினார்கள்.

அதே வாரம் அவள் படகுத்துறைக்குப் போனாள். பெர்தோ எதிர்க்கரையில் இருந்தான். அவன் மனைவி துறையோரம் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க மேல ஒரு தப்புமில்லம்மா" என்றாள் நெலீதா. "குளிப்பாட்டுனதால அது சாகல. பால்குடி மறக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சு அனுப்பச் சொன்னவ நான். நோயோடதான் என் கடைக்கு வந்துருக்கு. நோய் இருந்தது எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கவும் பாக்கல."

அந்தப் பெண் கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "குட்டி செத்ததுலேந்து எம்மக எங்கூடப் பேசறதில்ல. தெரியுமா ஒங்களுக்கு? நான் வச்ச சோத்தத் தொடறதில்ல. நான்தான் கொன்னுட்டேன்னு அவ அப்பன் சொல்லிட்டான். கடைக்கார அக்கா சொன்னாங்கன்னு சொல்லிட்டான்."

  அன்று கல்லா மேசையில் நெலீதா இல்லையென்று சொல்லாமல் இருந்த அந்த ஒரு கணம் இங்கே ஒரு வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

"எங்கிட்ட சொல்லி என்னக்கா பிரயோசனம்? அவகிட்ட வந்து சொல்லுங்க" என்று அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பெண் முன்னால் நடந்தாள். நெலீதா போனாள். அந்தச் சிறுமியின் முன் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சிறுமி அழவில்லை. அம்மாவின் பாவாடையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

கடையில் குட்டிகளை வைக்கும் கண்ணாடிப்பெட்டி காலியாக இருந்தது. தொழிலை விட்டுவிட நெலீதாவுக்கு மனமில்லை. நல்லபடி வளர்ப்பவர்களிடம் நேரில் பார்த்து வாங்கினால் போயிற்று என்று எண்ணினாள். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் கிரிசெல்தா என்பவள் வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனாள்.

சமையலறையிலேயே தாயும் குட்டிகளும் இருந்தன. தாய் நெலீதாவைப் பார்த்துக் கணீரென்று குரைத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. கிரிசெல்தா ஊசி போட்ட விவரமெல்லாம் சொன்னாள். பிறகு அவள்தான் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். வீடு எப்படி, பகலில் யார் இருப்பார்கள், எத்தனை பிள்ளைகள்.

"எனக்கில்லம்மா. கடையில வச்சு விக்கத்தான்."

கிரிசெல்தாவின் முகம் மாறிவிட்டது. மடியிலிருந்த குட்டியை மெல்ல எடுத்துத் தாயிடம் விட்டாள்.

"கடைக்குக் குடுக்கறதில்லக்கா."

"நான் நல்லாப் பாத்துப்பேன். சத்தியமா."

"நீங்க பாத்துப்பீங்க. ஆனா யாரு வீட்டுக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியாதே? வாங்கறவங்க இங்க வரணும், தாயோட உக்காரணும். புடிக்கலன்னா அவங்க வேணாம்னு சொல்லலாம். எனக்குப் புடிக்கலன்னா நானும் சொல்லுவேன்."

"அப்ப யாருதாம்மா கடைக்குக் குடுப்பாங்க?"

கிரிசெல்தா சங்கடத்தோடு சிரித்தாள். "குட்டி மேல உசுரா இருக்கறவங்க யாரும் குடுக்க மாட்டாங்கக்கா."

நெலீதா வேனில் வந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருகவே வெகுநேரமாயிற்று. கிளாரிதா ஒருத்திதான் மோசம் என்று இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தாள். அப்படியானால் தன்னுடைய கண்ணாடிப்பெட்டிக்கு இத்தனை வருஷமும் வந்ததெல்லாம் குட்டிகள்மேல் அக்கறையில்லாதவர்களின் கையிலிருந்து வந்தவைதான். வேறெப்படியும் வந்திருக்க முடியாது.

மறுநாள் கண்ணாடிப்பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தில் தீவன மூட்டைகளை அடுக்கினாள். இப்போதும் கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஜனங்கள் வந்து எட்டிப் பார்க்கிறார்கள்.

"குட்டி இல்லையா?"

"இல்ல. தாயப் போய்ப் பாக்கறதா இருந்தா வீட்டு விலாசம் தர்றேன். காப்பகத்துலயும் இருக்கு."

சிலர் விலாசம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பலர் அடுத்த தெருவில் இருக்கிற கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கையளவுக் குட்டிகள் எப்போதும் இருக்கின்றன.