பந்தியில் பொதுக்குழு

பதினொரு மணிக்குப் பொதுக்குழு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. பன்னிரண்டு அடித்தபோதும் மாடிக் கூடத்தில் இருபது பேரைத் தாண்டவில்லை. அதில் இரண்டு பேர் மைக் செட்காரர்கள். கொங்கு வட்டாரக் கட்டடக்கலைஞர் சங்கத்தின் செயலாளர் ஃபர்சானா, ஆண்டறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு காலி நாற்காலிகளை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊருக்கெல்லாம் காற்றோட்டம் சொல்லிக் கொடுப்பவர்களின் சொந்தக் கூடத்தில் புழுங்கித் தள்ளியது.

சங்கத்தின் வழக்கம் இதுதான். அறுபது பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வராவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைத்து, இருக்கிறவர்களை வைத்தே கணக்கு வழக்கை நிறைவேற்றிக்கொள்ளலாம். விதித் திருத்தம் மட்டும் அப்படிச் செல்லாது. ஃபர்சானாவுக்கு வேண்டியதோ விதித் திருத்தம்தான். இரண்டு சென்டுக்குள் வீடு கட்டுகிறவர்களுக்குச் சங்கமே இலவசமாக வரைபடம் போட்டுத் தர சிங்காநல்லூரில் ஒரு உதவி மையம்; இப்போதைய விதியில் அதற்கு இடமில்லை. வருடா வருடம் அறிக்கையில் எல்லாம் வளர்ந்தது. உறுப்பினர்கள் கூடினார்கள், கருத்தரங்குகள் பெருகின. 'உதவி மையம் ஆலோசனையில் உள்ளது' என்ற வரி மட்டும் நகரவே இல்லை. கோட்டைமேட்டில் அவளுடைய சித்தி முறையான சாச்சி உம்மல் குல்சும் வீட்டில் பட்டப்பகலில் விளக்குப் போட்டுத்தான் அரிசி களைய வேண்டும். அதைக் கட்டும்போது சன்னலை எங்கே வைப்பது என்று கேட்க ஆளில்லை. ஃபர்சானா இந்தப் படிப்புக்குப் போனதே அந்த வீட்டால்தான். இன்றோடு அவள் பதவிக்காலம் முடிகிறது. அடுத்து வருகிறவர் இதைத் தொடப்போவதில்லை.

"ஏனுங்க அம்மணி, தள்ளிப்போட்டு முடிச்சுபோடலாங்களா?" என்றார் தலைவர் அங்கப்பன், ஒரு மணிக்கு. யாரையும் பகைத்துக்கொள்ளாமலே நாலு வருடம் ஓட்டிவிட்ட நல்ல மனிதர். "மத்ததை அடுத்த வருசம் பாத்துக்கலாங்க."

அடுத்த வருடம் என்றதும் அவள் அறிக்கையை மூடிவிட்டு எழுந்தாள். தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினாள்.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. பல்லடத்துக் கார், வெள்ளகோவில் கார் எல்லாம் சாம்பார் வாசத்துக்குச் சரியாக வந்து சேர்ந்திருந்தன. ஃபர்சானாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. தலைகளை எண்ணினாள். எண்பதுக்குக் குறையாது. வந்த வேகத்திலேயே மாடிக்கு ஓடினாள்.

"சார், கீழ வாங்க. கூட்டத்த அங்கயே நடத்தலாங்க."

"சாப்புடற எடத்துலீங்களா?"

"நோட்டீஸ்ல சங்கக் கட்டடம்னுதானுங்க போட்டிருக்கு. அதும் சங்கக் கட்டடந்தானுங்களே."

அங்கப்பன் மைக்கைக் கழற்றித் தானே கையில் எடுத்துக்கொண்டார்.

அவள் தீர்மானத்தை வாசித்து முடித்தபோது ரசம் முடிந்து மோர் வந்துகொண்டிருந்தது. முதலில் நிமிர்ந்தவர் பல்லடம் திருமலைசாமி. சங்கத்தில் அவர் தலையாட்டினால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள்.

"நாம சும்மா வரைஞ்சு குடுத்தா, அப்பறம் காசு குடுத்து நம்மகிட்ட யாருங்க வருவாங்க?"

"அவங்க இப்பவும் நம்மகிட்ட வர்றதில்லீங்களே." ஃபர்சானா அவர் இலைக்கு எதிரே வந்து நின்றாள். "எங்க சாச்சி வந்திருந்தா வீட்டுக்குள்ள வெளிச்சமாவது வந்திருக்குமுங்க."

பரிமாறுகிறவர் வாளியோடு நின்றுவிட்டார். திருமலைசாமி மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எங்கப்பன் கட்டுன ஊடும் இருட்டுதானுங்க" என்றார், இலையைப் பார்த்தபடி.

அங்கப்பன் அந்த நேரத்தை நழுவவிடவில்லை. "ஆதரிக்கறவிங்க கை தூக்குங்க."

அங்கேதான் சிக்கல். எல்லார் வலக்கையிலும் சோறு. இடக்கையைத் தூக்கினால் மரியாதையாக இருக்காதே என்று பெரிய பெரிய கட்டடம் கட்டியவர்கள் எல்லாம் முழித்தார்கள். திருமலைசாமிதான் முதலில் தூக்கினார், வலக்கையையே, மோர் சொட்டச் சொட்ட. அதைப் பார்த்துப் பக்கத்து இலைக்காரர், எதிர் இலைக்காரர் என்று கைகள் எழுந்தன. பருக்கை ஒட்டிய கைகள், ரசம் வழிகிற கைகள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஃபர்சானா எண்ணத் தொடங்கினாள். பாதியில் கண் கலங்கிக் கணக்குத் தப்பியது. மறுபடியும் முதல் வரிசைக்குப் போனாள்.

"வெரசா எண்ணுங்க கண்ணு, முழங்கைக்கு வந்துருச்சு" என்றார் திருமலைசாமி. மோர் அவருடைய வெள்ளைச் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கையை அவர் இறக்கவில்லை.