கதவுக்குப் பின்னால் ஒரு பெயர்

ராணி செத்து இருபது வருஷம் கழித்து அவளை மறுபடியும் கொல்லச் சொல்லி உத்தரவு வந்தது. இத்தனை காலம் ஏன் பொறுத்தீர்கள் என்று மேலிடத்தைக் கேட்க யாருக்கு நெஞ்சழுத்தம் இருக்கிறது? மலையடிவாரத்தில் அவள் கட்டிய கோயிலில் அவள் பெயரும் உருவமும் இருக்கும் இடமெல்லாம் கொத்தி எடுக்க வேண்டும். பெயர் போனால் மறு உலகத்திலும் ஆள் இல்லாமல் போய்விடும். தீபை நகரத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும்.

அந்தக் கோயில் சுவரில் அவள் பெயரை இளவயதில் செதுக்கிய பாஷெதுதான் இப்போது உளியோடு நின்றான். ராணி ஹட்செப்சுட் பெண்ணாய்ப் பிறந்து, அரசனாக முடிசூடி, பொய்த்தாடி கட்டிக்கொண்டு நாட்டை ஆண்டவள். தூர தேசத்துக்குக் கப்பல் அனுப்பி, சாம்பிராணி மரங்களை வேரோடு கொண்டுவந்து நட்டவள். அவள் காலத்தில் எந்த வீட்டிலும் ரொட்டிக்குப் பஞ்சமில்லை. தின்றவர்களை வைத்தே இப்போது அவளைக் கொத்துகிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

"தாடி வச்ச மகராசி, மூக்கைக் காட்டும்மா," என்று பக்கத்துச் சாரத்தில் ஹூனெரோ உளியை ஓங்கினான். "யோவ் பாஷெது, என்ன தடவிக் குடுத்துட்டு இருக்க? ஒம் பொண்டாட்டின்னு நெனப்பா?"

"உன் வாயைக் கொத்தச் சொல்லி இன்னும் உத்தரவு வரலையேன்னு பாக்கறேன்."

சாரம் ஆடும்படி சிரித்தார்கள். பாஷெதுவின் கண் மட்டும் உள்ளறைக் கதவை விட்டு அகலவில்லை.

அந்தக் கதவு திறந்திருக்கும்போது மறையும் சுவரில் ஒரு சாண் அகலத்துக்குச் சில வரிகள் இருந்தன. அவன் ஒரே மகள் மியூத் ஆற்றில் தண்ணீர் மொள்ளப் போனபோது முதலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடக்கம் செய்ய ஒரு சுண்டுவிரல்கூடக் கிடைக்கவில்லை. சமாதி இல்லாத பிள்ளைக்குப் படையல் எங்கே வைப்பது? அழுது புலம்பி, ராணியின் அரண்மனையில் அனுமதி வாங்கி, அவனே அங்கே செதுக்கினான்: 'அரசர் மாத்கரே தரும் காணிக்கையிலிருந்து மியூத்துக்கு ரொட்டியும் பீரும் ஆகுக.' மாத்கரே என்பது ராணியின் பட்டப்பெயர். அரசர்களுக்கே உரிய வளையத்துக்குள் அது இருந்தது. அரசர் கொடுத்தால் தெய்வத்துக்குப் போகும், தெய்வத்திடமிருந்து செத்தவர்களுக்கு வரும். அந்த வரியை நம்பித்தான் அவனும் அவன் மனைவியும் இத்தனை வருஷம் வாயில் சோறு வைத்தார்கள்.

மத்தியானம் அவன் மனைவி ரெனுத் ரொட்டியும் வெங்காயமும் கொண்டுவந்தாள். கூடையை இறக்குமுன்பே கேட்டாள்.

"அந்தப் பக்கம் போகலையே?"

"இன்னும் இல்ல."

"போகாதீங்க. கதவுக்குப் பின்னால எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்?"

அவள் போன கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி மின்நக்த் வந்து கதவை இழுத்துச் சாத்தி எட்டிப் பார்த்தார்.

"பாஷெது, என்னய்யா இது?"

"எம் மக பேருங்க."

அவரும் பிள்ளை பெற்றவர். குரலைத் தணித்துக்கொண்டார். "உம் மக பேர் அது பாட்டுக்கு இருக்கட்டும். வளையத்துக்குள்ள இருக்கறத மட்டும் எடுத்துரு."

"எடுத்துட்டா அவளுக்கு யாருங்க குடுப்பா? இப்ப இருக்கற ராஜா பேரையாவது அதுல வெட்டிக்கறேனுங்க."

"பைத்தியமா உனக்கு? அவர் பேரை எங்க வெட்டணும்னு அரண்மனைல சொல்லணும். கதவு மறைவுல, உம் மகளுக்குப் படியளக்கச் சொல்லி நீயா வெட்டினா, உன் கையும் போகும், என் கையும் போகும். பொழுது சாயறதுக்குள்ள முடி."

பாஷெது வளையத்தைக் கொத்தினான். ராணி பொடியாக உதிர்ந்தாள். அதன் கீழே மியூத்தின் பெயர், அந்தப் பெயருக்குப் பொருளான பூனைக்குட்டியின் உருவத்தோடு, அப்படியே இருந்தது.

பெயர் இருக்கிறவரை அவள் மறு உலகத்தில் இருப்பாள். இருந்தால் வயிறும் இருக்கும். கொடுக்க யாரும் இல்லை. அங்கே பசித்தவர்கள் தங்கள் அழுக்கையே தின்பார்கள் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறான். சாரத்தைப் பிரித்துவிட்டால் இவர்களைக் கோயிலுக்குள் யார் விடப்போகிறார்கள்? அவனுக்கும் ரெனுத்துக்கும் பிறகு பெயர் சொல்ல ஒரு நாதி கிடையாது. அப்புறம் முடிவே இல்லாத பசி.

அவன் உளியைப் பூனையின் மேல் வைத்தான்.

பொழுது சாயும் நேரத்தில் ரெனுத் அத்திப்பழம் வைத்துச் சுட்ட சின்ன ரொட்டியோடு ஓடிவந்தாள்.

"வளையத்தை மட்டுந்தான் எடுக்கச் சொன்னாராமே, ஹூனெரோ சொன்னான். போனா போகுது. உசுரு இருக்கற வரைக்கும் நான் போடறேன் எம் புள்ளைக்கு. வாசல்ல நின்னாவது பேரைச் சொல்லிப் போடறேன்."

கதவுக்குப் பின்னால் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"எங்கங்க?"

"இனிமே அவளுக்குப் பசிக்காது, ரெனுத்."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவள் அழவில்லை, அவனை அடிக்கவும் இல்லை. யார் பெயரைச் சொல்லி அந்த ரொட்டியை வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.