ஒன்பதாம் வீட்டு அட்டை

ரஜிதாவுக்கு டெங்கு என்று கேள்விப்பட்டதும் ஸரீனாவுக்கு முதலில் நினைவு வந்தது அந்தப் பிள்ளையின் முகமில்லை, ஒன்பதாம் வீட்டு அட்டை. அதற்காகத் தன்னைத்தானே பிறகு எத்தனையோ தரம் ஏசிக்கொண்டாள். ஆனாலும் நடந்தது அதுதான்.

பள்ளி லேனில் பதினாலு வீடு. போன வருசம் பிரதேச சபையும் சுகாதாரக் காரியாலயமும் பொலிசும் பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் கமிட்டியும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு டெங்கு ஒழிப்புக் குழு வைத்தன. இத்தனை பேர் ஒரே மேசையில் சண்டையில்லாமல் உட்கார்ந்ததே பெரிய காரியம். லேனுக்கு ஒரு ஆள் பொறுப்பு எடுக்க வேண்டும் என்றதும் வந்திருந்தவர்கள் எல்லாரும் தட்டிலிருந்த கட்லட்டை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். ஸரீனா மட்டும் கையைத் தூக்கினாள்.

வேலை பெரிசில்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றிப் பார்த்து, தண்ணீர் தேங்கியிருந்தால் ஊற்றச் சொல்லி, அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். இதை ஸரீனா சும்மா செய்யவில்லை, லேனையே ஆட்டிப் படைத்தாள். பூச்சாடித் தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சிரட்டை, கூரைப் பீலி என்று எதையும் விடவில்லை. அவள் கணவன் பவாஸ், "எங்கட வீட்ல தண்ணி குடிக்கவே பயமா ஈக்கி" என்று சொல்லிச் சிரிப்பான்.

அதிகம் அகப்பட்டவர் நாகமுத்து. லேன் சந்தியில் டயர் ஒட்டுகிற கடை வைத்திருந்தார். டயர் என்றாலே கொசு என்று குழுவில் படம் போட்டுக் காட்டியிருந்தார்களே, விடுவாளா? ஒவ்வொரு பழைய டயரிலும் தண்ணீர் வடியத் துளை போடவைத்தாள். அவரும் முகம் சுளிக்காமல், "நீங்க சொன்னா சரிதான் தங்கச்சி" என்று ட்ரில்லை எடுத்துக்கொண்டு குந்திவிடுவார். அவருக்கும் அவர் மனைவி கிருஷ்ணம்மாவுக்கும் மகளான ரஜிதா, எட்டு வயசு, போட்ட துளைகளை ஒன்று, ரெண்டு என்று எண்ணுவாள்.

ஒன்பதாம் வீடு ஸுபைதா மாமியுடையது. ரெண்டரை மாசத்துக்கு முன் அவர் கணவர் ஸக்கரியா ஹாஜியார் நெஞ்சுவலி வந்து மௌத்தாகிவிட்டார். மாமி இத்தாவில் இருந்தார். நாலு மாசமும் பத்து நாளும் கணவனை இழந்த பெண் வீட்டோடு இருப்பார், அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டார். அந்த வாசலில் ஆண்கள் யாரும் ஏறுவதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. கிஷாந்தும் குழுக் கூட்டத்தில், "அந்த வீட்டுக்கு நீங்கதான் போக முடியும் ஸரீனா மிஸ். உங்கள நம்பித்தான் விடுறோம்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவளுக்குப் பெருமையில் கால் தரையில் படவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை போனாள். பார்க்கத்தான் போனாள். மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஹாஜியார் கடைசியாக என்ன சாப்பிட்டார், எந்த நேரம் வியர்த்தது, என்ன சொன்னார் என்று ஒரு மணித்தியாலம் அழுதார். இவளும் அழுதாள். அழுத கண்ணோடு, பின்பக்கம் போய்ப் பார்க்கிறேன் மாமி என்று எப்படிச் சொல்வது? அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த கிழமை மாமி ஜன்னலாலேயே அட்டையை நீட்டினார். "பின்னுக்கு ஒண்டும் இல்ல புள்ள." அதற்கடுத்த கிழமையும் ஜன்னல்தான். இப்படிப் பத்துக் கையெழுத்து. பத்தும் அழகாக, ஒரே வரிசையில்.

புதன்கிழமை காலை கிஷாந்த் ஆட்களோடு வந்தார். ஒரு வீட்டில் டெங்கு என்றால் சுற்றியுள்ள வீடுகளையெல்லாம் பார்ப்பது வழக்கம். சபையிலிருந்து ரெண்டு பேர், ஒரு பொலிஸ்காரர், பின்னால் பாதி லேன். முதலில் நாகமுத்துவின் கடைக்குத்தான் போனார்கள். ஒரு டயரில் முந்தின நாள் மழைத்தண்ணீர் கொஞ்சம் நின்றது. கிஷாந்த் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"புழு இல்ல. ஆனா கூரை இல்லாத எடத்துல டயர் வைக்கக் கூடாதுண்ணே. நோட்டீஸ் தரணும்."

முதல் ரெண்டு வார்த்தை யார் காதிலும் ஏறவில்லை. நோட்டீஸ் என்ற சொல் மட்டும் லேன் முழுக்க ஓடியது. "சொந்தப் புள்ளைக்கே வாங்கிக் குடுத்துட்டாரே" என்று யாரோ சொன்னது ஸரீனாவுக்கே கேட்டது. நாகமுத்து நோட்டீஸை வாங்கி, படிக்காமல், சட்டைப்பையில் மடித்து வைத்தார்.

ஒன்பதாம் வீட்டுக் கேற்றடியில் ஆண்கள் எல்லாரும் சொல்லிவைத்ததுபோல் நின்றார்கள்.

"மிஸ், இந்த வீடு?" என்று கேட்டார் கிஷாந்த்.

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிசம் பொறுங்க சார், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் அத்தனை கண்ணும் அவள் மேல் இருந்தது.

"ஒவ்வொரு கிழமையும் பாக்கிறேன் சார். க்ளீன்."

கிஷாந்த் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அவர்களுடைய வேன் சந்தி திரும்பிய கையோடு மாமி வீட்டுக்குள் நுழைந்தாள். "நாகமுத்துட மகளுக்கு எப்பிடி புள்ள? நான் ராவு தஹஜ்ஜுத் தொழுகையில துஆ கேட்டேன்" என்றார் மாமி. இவள் நேரே குசினியைக் கடந்து பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். அது இறுகிக் கிடந்தது. ரெண்டரை மாசமாக அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை என்று அப்போதே விளங்கிவிட்டது. பின்பக்கம் மதில் கிடையாது, கம்பி வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் அந்நிய ஆண்கள் நடமாடுகிற முற்றம். இத்தாவில் இருக்கிறவர் அங்கே ஏன் போகப் போகிறார்?

மிளகுக் கன்றுகள் வாடிப்போய்க் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பரல், ஆள் இடுப்பளவு பிளாஸ்டிக் பீப்பாய், முக்கால்வாசித் தண்ணீரோடு நின்றது. கன்றுக்கு ஊற்ற ஹாஜியார் நிறைத்து வைத்தது. ஸரீனா எட்டிப் பார்த்தாள். தண்ணீர் முழுக்கப் புழு. ஒன்றிரண்டல்ல, கொதிக்கிற உலைபோல் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் நாகமுத்துவின் வீடு. வேலியோரக் கொய்யா மரத்தடியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கதிரை. பின்னேரங்களில் ரஜிதா அதில் இருந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். பரலிலிருந்து கதிரைக்குப் பத்துக் காலடி இருக்காது.

பரலைத் தோளால் முட்டிச் சரித்தாள். தண்ணீர் மண்ணில் பரவி ஓடியது.

"என்ன புள்ள சத்தம்?"

"பரல்ல தண்ணி நிண்டிச்சி மாமி. ஊத்திட்டேன்."

"அவர் நெறச்சது" என்றார் மாமி. பிறகு, "நல்லது புள்ள. எனக்கு அந்தப் பரல் ஞாபகமே இல்ல."

வெயிலில் புழுக்கள் துடித்து அடங்கிக்கொண்டிருந்தன. இன்னும் அரை மணித்தியாலத்தில் மண்ணும் காய்ந்துவிடும். பிறகு எந்த பி.எச்.ஐ. வந்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. பெரிய பாரம் இறங்கினமாதிரி ஒரு மூச்சு வந்தது. ஸரீனா வெட்கமில்லாமல் அதை விட்டாள்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த பவாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். "ஊத்தியாச்சு தானே. எந்தக் கொசு கடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்? சும்மா வாயைக் குடுத்து இத்தாவில ஈக்கிற மனுசிய ஊருக்கு முன்னால இழுக்கப் போறீங்களா?" நியாயம்போல்தான் இருந்தது. அவளும் சாப்பிட உட்கார்ந்தாள்.

அப்போதுதான் சந்திப்பக்கம் லொறிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். நாகமுத்து கடையிலிருந்த டயர் அத்தனையையும் பழைய சாமான் லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பழசு மட்டுமில்லை, ஒட்டி விற்க வைத்திருந்த நல்ல டயர்களும்.

"என்னண்ணே இது?"

"வேணாம் தங்கச்சி. இனி எனக்கு இந்தக் கடையே வேணாம்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பிளேட்லட் நேத்து எண்பதாயிரம். காலையில நாப்பத்திரெண்டு. காய்ச்சல் விட்டுருச்சு, இனித்தான் கவனமா இருக்கணும்னு டொக்டர் சொல்றாரு. கிருஷ்ணம்மா என்னைய வார்ட்டுப் பக்கம் வராதீங்கன்னுட்டா. ஒங்க டயரும் நீங்களும் அங்கயே கெடங்கன்னு சொல்லிட்டா. அவ சொல்றதும் சரிதானே. நானே எம்புள்ளைக்கு..." கையிலிருந்த டயரை லொறிக்குள் வீசினார். ரஜிதா எண்ணிய துளைகள் அதில் இருந்தன.

அவர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுப் போனார். வார்ட்டுக்குள் போவதற்கல்ல, கேற்றடியில் நிற்பதற்கு.

ஸரீனா நேரே மாமி வீட்டுக்குப் போய்க் கதவுக்குப் பின்னாலிருந்த மஞ்சள் அட்டையைக் கழற்றினாள். மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாமி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "போங்க புள்ள, நிக்காம போங்க. என்னைப் பத்தி என்ன செல்லணுமோ செல்லுங்க" என்றார்.

யட்டவத்தையிலிருந்து மாத்தளைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, நின்றபடியே கிஷாந்துக்குப் போனில் கோல் எடுத்தாள். நான் பார்க்கவில்லை, பத்துக் கிழமையும் பார்க்கவில்லை, காலையில் சொன்னது பொய் என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிஷாந்த், "இப்பவாவது சொன்னீங்களே. அந்தப் பரலச் சுத்தி இன்னும் எத்தன வீட்ல காய்ச்சல்னு உடனே பாக்கணும். பொகை அடிக்க இண்டைக்கே வாறோம்" என்றார். "மத்தத கூட்டத்தில பேசுவோம்" என்று சேர்த்துக்கொண்டார். இனி அந்த மேசையில் தனக்கு இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மாத்தளை ஆஸ்பத்திரி வாசலில், நோயாளி பார்க்கிற நேரத்துக்குக் காத்திருக்கிற சனத்துக்கு நடுவில், நாகமுத்து தனியாக ஒதுங்கி நின்றார். கையில் ஒரு இளநீர்.

ஸரீனா மூச்சுவாங்க எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். பரல், புழு, கொய்யா மரம், அட்டை, கேற்றடியில் சொன்ன பொய். அடிப்பார் என்றுகூட நினைத்தாள். அடித்திருந்தால் நின்று வாங்கியிருப்பாள்.

"அப்ப என் டயர் இல்லையா தங்கச்சி?"

"உங்கட டயர்ல ஒரு புழுகூட இல்லண்ணே. நான்தானே ஒவ்வொரு கிழமையும் பாத்தேன்."

"என் டயர் இல்ல?" மறுபடியும் கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். பிறகு அந்த வாசலிலேயே, அத்தனை சனத்துக்கு முன்னால், இளநீரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்தி, விக்கி விக்கி அழுதார். அழுது முடித்து எழும்பி, ஸரீனாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

"கும்பிடாதீங்கண்ணே, அல்லாவுக்காக."

"கிருஷ்ணம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்பமாட்டா." வார்ட்டுக்குள் போகிற தன் பாஸையும் இளநீரையும் அவள் கையில் கொடுத்தார்.

வார்ட்டில் மூன்றாவது கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. உள்ளே ரஜிதா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். புறங்கையில் சேலைன் ஊசி, உதடு வெடித்திருந்தது. கிருஷ்ணம்மா சிறுநீர் அளந்து எழுதுகிற தாளை மடியில் வைத்துக்கொண்டு மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். ரெண்டு நாளாகத் தூங்காத அந்த முகம் ஸரீனாவைக் கண்டதும் மலர்ந்தது.

"வாங்கக்கா" என்று தன் கதிரையை விட்டெழுந்து அவள் பக்கம் தள்ளினாள். "நம்ம லேன்லயிருந்து நீங்க ஒரு ஆளாவது வந்தீங்களே."

ஸரீனா உட்காரவில்லை. கைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தாள்.