கண்ணாடியில் ஒரு வெள்ளை வேட்டி

வடக்கனந்தல் ரோட்டில் புளியமரம் சாய்ந்தபோது தரையே அதிர்ந்தது. அந்த அதிர்வு வெறுங்காலில் ஏறியதும், கோடாலியும் கையுமாக நின்ற தனசேகரனுக்கு மகள் மணிமொழி நினைப்பு வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் கோடாலியைக் கீழே வைத்தார்.

மணிமொழி ஜெர்மனியில் இருக்கிறாள். மிஷன் ஸ்கூல் ஹாஸ்டலில், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தில் தொடங்கிய பிள்ளை. இன்றைக்குத் தேசம் தேசமாகப் போய்ப் பெரிய பெரிய சர்ச்சுகளில் பைப் ஆர்கன் வாசிக்கிறாள். ஜப்பான்காரப் பிள்ளைகள்கூட அவளிடம் படிக்க வருகிறார்களாம். உலகமே கேட்டாயிற்று, பெற்றவர் மட்டும் கேட்கவில்லை. வரிசையாக நிற்கும் குழாய்களில் காற்று புகுந்து முழங்கும் அந்த வாத்தியம் ரைஸ் மில் உயரம், சுவரோடு சேர்த்துக் கட்டியது. ஊருக்குத் தூக்கிவர முடியுமா? ஒரு தரம் கேசட் அனுப்பினாள். கள்ளக்குறிச்சியில் இரும்புக்கடை வைத்திருக்கும் பஷீர் அகமதுவின் டேப் ரெக்கார்டரில் போட்டார்கள். கொசு கத்துவது போல் இருந்தது.

“அது காதால மட்டும் கேக்கறதில்லப்பா. தரையில கெளம்பி உள்ளங்காலு வழியா ஏறும். நீ நேர்ல வரணும்” என்று அவள் போனில் சொன்னாள். அன்றிலிருந்து அவருக்கு அதே ஏக்கம்தான்.

இந்த நேரத்தில்தான் தங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று முடிவானது. மகன் அய்யப்பன் பி.காம். முடித்துவிட்டு வேலையில்லாமல் கிடந்தான். அந்த வயிற்றெரிச்சலில் தனசேகரன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து முழங்கினார்: “அந்த வாரம் எவனும் பஸ் ஏறக் கூடாது. ஏறினா அவன் நம்ம ஆளே இல்ல!”

பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அடுத்த வாரமே பஷீர் கடைக்கு மணிமொழியின் போன் வந்தது. மெட்ராஸ் சர்ச்சில் ஒரே ஒரு கச்சேரி, மறுநாளே விமானம். மறியல் வாரத்துக்கு நட்டநடுவில். முடியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. “வரேன் கண்ணு” என்றுவிட்டார்.

“மறியலுக்கு முந்தின நாளே கெளம்பிடுப்பா. யாரு இன்னா கேக்கப் போறாங்க?” என்றான் அய்யப்பன்.

“நாலு பேரு முன்ன சொல்லிட்டு, நானே திருட்டுத்தனமா பஸ் ஏறுவனா?” என்றார் தனசேகரன். வறட்டு வீம்புதான். ஆனால் அந்த வீம்பை விட்டால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று நம்புகிற மனுஷன். ரோட்டை மறிக்க முதல் மரத்தையும் அவரே வெட்டினார்.

கச்சேரிக்கு மறுநாள் காலை, வெட்டிய மரங்களை ஏறித் தாண்டிக் கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போனார். கடை அடைப்பு. பஷீர் பின்கதவைத் திறந்து, “வாங்கண்ணே, பாப்பா ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டா” என்று உட்கார வைத்தார்.

மறுபடி மணி அடித்தது.

“ரோட்டுல மரம் வெட்டிப் போட்டுக்கினு இருக்காங்களாமேப்பா? நம்மூர்ல யாரு வெட்டினது?”

அவர் கொப்புளம் கண்ட உள்ளங்கையைப் பார்த்தார். “நான்தான் கண்ணு.”



“அய்யப்பனுக்காக வெட்டியிருப்ப. எனக்குத் தெரியும்பா” என்றாள். பிறகு முந்தின நாள் கச்சேரியைச் சொன்னாள். “நாங்க சனங்களுக்கு முதுகக் காட்டிக்கினுதான் வாசிக்கணும். பின்னால பாக்க எதிர்க்க ஒரு கண்ணாடி இருக்கும். அதுல கடைசி பெஞ்சுல உன்னுது மாதிரியே ஒரு வெள்ள வேட்டி தெரிஞ்சிது. எப்படியோ நீ வந்து சேந்துட்டன்னு நெனச்சிக்கினு, அப்படி வாசிச்சம்பா. இதுவரைக்கும் அந்த மாதிரி வாசிச்சதே இல்ல. முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா வேற யாரோ.”

தனசேகரனுக்குக் கண் மறைத்தது. பஷீர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லாவைத் துடைத்தார்.

“மறுபடி எப்ப கண்ணு வருவ?”

“தெரியலப்பா.”

“அப்படின்னா அந்த வேட்டி நான்தான்னே வெச்சிக்க” என்றார் தனசேகரன்.