ரோமெட் கேட்ட எண்

1

இந்தக் கதை ஒரு திருகிலிருந்து வந்தது. திருகியவன் நான்தான். ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில், எங்கள் ஊர் ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) பட்டறையில் பதினெட்டு வருடமாக விளிம்பு தீட்டுகிறேன், கவ்வி சரிசெய்கிறேன். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் அந்தக் கவ்விக்கு ஓர் எண் உண்டு. எண் குறைந்தால் சின்ன உலுக்கலுக்கே கழன்றுவிடும். கூடினால், விழுந்தாலும் விடாமல் காலை முறுக்கிவிடும். இது தெரிந்தால் போதும், கதைக்குள் வரலாம்.

முதல் வரியை நாலு முறை எழுதினேன். "அந்த மார்ச் காலையில் மலை வெள்ளை வெளேரென்று—" வேண்டாம். இங்கே மார்ச்சில் மலை வேறு எப்படி இருக்கும்? "ரோமெட் பயந்துபோயிருந்தான்." இதுவும் வேண்டாம். படித்தால் என்னை உதைப்பான்.

2

ரோமெட்டுக்கு அறுபத்திரண்டு வயது. ஒருகாலத்தில் பந்தய வீரன். இரண்டு வருடம் முன்பு இடது முழங்கால் ஜவ்வு கிழிந்து தைத்தார்கள். இன்னொரு முறை கிழிந்தால் தைக்க ஒன்றும் மிச்சமில்லை, அப்புறம் கைத்தடிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவன் மனைவி வால்புர்கா (அவனுக்கு வால்லி) அவன் பிறந்தநாளுக்குப் புது ஸ்கீ வாங்கித் தந்தாள். உள்ளே எல்லாம் இந்தக் காலத்துச் சரக்கு: நீளம் குறைவு, நடு ஒடுங்கி முனை அகன்றது, சாய்ந்தாலே திரும்பிவிடும். மேல்பூச்சு மட்டும் அவன் 1979-ல் ஓட்டிய அதே சிவப்பு, அதே இரண்டு கறுப்புக் கோடுகள். பார்த்ததும் மனுஷனுக்குப் பதினேழு வயதாகிவிட்டது. நேரே என் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"எட்டு வை."

"உன் வயசுக்கும் எடைக்கும் அஞ்சரைதான். அட்டவணையைப் பாரு."

"அட்டவணையா சறுக்கப் போகுது? இதே செகப்புல பத்து வெச்சு ஓட்டினவன்டா நான்."

"அது வேற ஸ்கீ, ரோமெட். இது வெறும் வேஷம்."

"வேஷமோ என்னமோ, எட்டு வை. வால்லிகிட்ட வாயைத் திறக்காத."

(இடையில் ஒன்று: அவன் என்னைவிட இருபது வயது மூத்தவன். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேலே நாங்கள் யாரையும் 'நீங்கள்' என்பதில்லை. பட்டறை ஆயிரத்து நானூற்றில் இருக்கிறது.)

திருப்புளியை எடுத்தேன். வைத்த எண்: ____

அந்த வெற்றிடம் அச்சுப்பிழை அல்ல.

3

மலைக்குடிலில் சீஸ் உருண்டை சூப் குடித்துவிட்டு ரோமெட்டும் வால்புர்காவும் கிளம்பினார்கள். நிழல் விழுந்த செங்குத்துச் சரிவு. பனி கல்லாக இறுகியிருந்தது. சரிவு முடியும் இடத்தில் பாறைகள். வால்புர்கா முதலில் இறங்கி, ஓரமாக நின்று கத்தினாள்.

"காலை அகட்டி வை! ஒட்டிக்கிட்டு வராத, இது ஒண்ணும் போட்டோ பிடிக்கிற எடம் இல்ல!"

"தெரியும்டி!"

தெரியும்தான். புது ஸ்கீக்கு இடைவெளி வேண்டும். ஆனால் அவன் தலைமுறைக்குக் கால்களை ஒட்டவைத்து இறங்குவதுதான் கௌரவம். முதல் திருப்பம் சரி. இரண்டாவதும் சரி. அடுத்ததற்கு முன் குனிந்து பார்த்துத் தொலைத்தான். சிவப்பு, இரண்டு கறுப்புக் கோடுகள். முழங்கால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. அகன்ற முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

இடது ஸ்கீ பனியில் குத்தி நின்றது. ரோமெட் நிற்கவில்லை.

4

மூன்று வாரமாக இந்த வரியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தரை என்று எழுதினால் ஸ்கீ கழலும், முழங்கால் தப்பும். ஆனால் பிடிக்க எதுவும் இல்லாமல் அவன் பாறையை நோக்கி வழுக்குவான். எட்டு என்று எழுதினால் குத்திய ஸ்கீ அவனைப் பிடித்து நிறுத்தும். முழங்கால் போய்விடும். ஏழு என்று சமாதானமாக ஒன்று எழுதினேன். படிக்கவே அசிங்கமாக இருந்தது, கிழித்தேன்.

அவன் அப்படிக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய வீரன் என்னை நம்பி ரகசியமாக ஒன்று கேட்கிறானே என்று. இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எந்த முடிவை எழுதினாலும் கடைசியில் வால்புர்கா பட்டறைக்கு வந்துவிடுகிறாள். அந்தச் சிவப்பு ஸ்கீயைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறாள். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்.

"என்ன நம்பர் வெச்ச?"

மேலே இரண்டாம் பகுதியில் இடம் காலியாக இருக்கிறது. எண்ணை நீங்களே நிரப்புங்கள். பிறகு திரும்பி இங்கே வந்து, அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை.