நாலாவது ஸ்க்ரூ

கதவைத் தட்டுவதற்கு முன் எலக்ட்ரீஷியன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டான். வழி நெடுக ஒத்திகை பார்த்த சண்டை. காலி செய்து கொடுத்த வீட்டின் சுவரில் ஓர் ஆணித்தடம் கிடையாது, வாடகை ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை, கெட்டுப்போன சுவிட்ச் போர்டுகளைத் தன் காசில் மாற்றிக் கொடுத்திருக்கிறான். இத்தனைக்குப் பிறகும் பெயின்ட் அடிக்க, கழுவிவிட என்று அட்வான்ஸில் கைவைத்தால் விடுவதாக இல்லை. மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். "அந்தம்மா இனிக்க இனிக்கப் பேசும். நீங்க மசிஞ்சிராதீங்க. முழுசா வாங்கிட்டு வாங்க." புதுவீட்டுக்காரருக்கு இன்று மாலைக்குள் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். அவர் முகத்துக்குப் பயந்து பாதிச் சாமான்களை இன்னும் மூட்டை பிரிக்காமலே போட்டு வைத்திருந்தார்கள்.

வீட்டுக்காரம்மா கதவைத் திறந்ததுமே கையில் கவரோடுதான் நின்றார்.

"வாங்க தம்பி. நானே போன் பண்ணணும்னு இருந்தேன். முழுசா இருக்கு, நான் எதுவும் பிடிக்கல. எண்ணிப் பாத்துக்கங்க."

ஒத்திகை பார்த்த சண்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எண்ணவெல்லாம் வேண்டாம் என்று கவரைச் சட்டைப் பையில் வைத்தான். நன்றி சொல்ல நிமிர்ந்தபோதுதான் அந்தம்மாவுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தான். கூரையை ஒட்டித் தொடங்கிய ஈரம் ஆளுயரத்துக்கு இறங்கியிருந்தது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, சில இடங்களில் வெடித்து உதிர்ந்திருந்தது. மாடியில் அவன் குடியிருந்த வீட்டின் குளியலறை சரியாக இதற்கு மேலேதான் வரும்.

"அதை ஏன் கேக்குறீங்க. நீங்க காலி பண்ணினதும் ஆரம்பிச்சது. நீங்க இருந்தவரைக்கும் ஒரு சொட்டு கசியலயே. உங்க கைராசி அப்படி."

கைராசி. அவனுக்குக் காது மடல் சூடாயிற்று.

குடிவந்த புதிதில் குளியலறையில் முகக்கண்ணாடி பதித்த பெட்டி மாட்டினான். டைல்ஸுக்கு மேலே வெறும் சுவர். மூன்று ஓட்டை ஒழுங்காக விழுந்தது. நாலாவதில் டிரில் எதையோ நறுக்கென்று தொட்டது, ஓட்டையில் தண்ணீர் துளிர்த்தது. உள்ளே குழாய். மனைவி பார்ப்பதற்குள் ஸ்க்ரூவில் டேப்பைச் சுற்றி, பசையைப் பூசி இறுக்கிவிட்டான். நின்றுவிட்டது. பிறகு அவனுக்கே மறந்துபோகும் அளவுக்கு நின்றது. காலி செய்யும் நாளில் பெட்டியைக் கழற்றும்போதுதான் கை தயங்கியது. அந்த நாலாவது ஸ்க்ரூவை மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கலாம். கூடத்திலிருந்து மனைவி, "ஸ்க்ரூவையும் எடுத்துருங்க, அதுக்கு வேற கடைக்கு அலையணும்" என்றாள். ஆனால் அவள்மேல் பழி போட முடியாது. மொட்டையாக ஒரு ஸ்க்ரூ நீட்டிக்கொண்டிருந்தால் ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்றுதான் அவன் எடுத்தான். ஓட்டையில் பசையை அடைத்து, பட்டி பார்த்து, மேலே பெயின்ட்டையும் தொட்டு வைத்தான். ஓட்டை போட்ட அவனுக்கே இடம் தெரியாத அளவுக்குச் சுத்தமான வேலை. தன் கைத்திறனைப் பார்த்து அன்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டான்.

"என் தம்பி கட்டின மாடி," என்றார் வீட்டுக்காரம்மா. "என் வீட்டுக்காரர் தவறினப்புறம் வாடகையாவது வரட்டும்னு அவன்கிட்டதான் பொறுப்பைக் குடுத்தேன். மட்டமான குழாயப் போட்டுக் காசு அடிச்சிருக்கான். மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். அதுலேர்ந்து பேச்சுவார்த்தை கிடையாது. கூலி வாங்காம வந்து உடைச்சுக்கிட்டு இருக்கான். சாவியக்கூட ஜன்னல்லதான் வைக்கிறேன்."

மேலே சுத்தியல் சத்தம் கேட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். கை சட்டைப் பையிலிருந்த கவரைத் தொட்டது. சொன்னால் கவரைத் திருப்பி நீட்ட வேண்டும், நீட்டினால் மாலையில் புதுவீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது? கிளம்பப் போனவனிடம் அந்தம்மா ஒரு டம்ளர் டீயைக் கொடுத்தார். "மேல வேலை செய்யிறவருக்கு இதைக் குடுத்துட்டுப் போயிருங்களேன்." இப்போது தம்பி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

மாடியில் கொத்தனார் குளியலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பாதித் தரை பெயர்ந்து மண்ணாகக் கிடந்தது. கலகலப்பான மனிதர். முன்பெல்லாம் அக்கா வீட்டுக்கு வந்தால் மாடிக்கும் ஒரு குரல் கொடுக்காமல் போகமாட்டார்.

"யாரு, நம்ம கரண்டா? வாங்க." டீயைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. "அவங்க குடுத்தாங்களா? அப்படி வைங்க."

அதை அவர் தொடவில்லை. "தண்ணியத் திறந்து விட்டுட்டுத் தேடுறேன், சிக்க மாட்டேங்குது. நீங்க சுவத்துல எங்கயாவது டிரில் போட்டீங்களா?"

"இல்லண்ணே."

யோசிக்கும் முன்பே வந்துவிட்டது அந்தப் பொய். கொத்தனார் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

"போட்டிருந்தா சொல்லியிருப்பீங்க. அப்ப என் வேலைதான். நல்ல குழாய்தான் தம்பி போட்டேன். எங்கக்கா வீடு, எனக்கு மனசு வருமா? ஆனா அது சொன்னதுலேர்ந்து எனக்கே சந்தேகம் வந்திருச்சு. எங்கயோ ஜாயின்ட்ல அசந்துட்டேன் போல."

உளியை அடுத்த டைல்ஸின் விளிம்பில் வைத்தார். எலக்ட்ரீஷியனின் பையில் போன் அதிர்ந்தது. மனைவியாகத்தான் இருக்கும். அவன் எடுக்கவில்லை. இந்த மனிதர் இன்று தரை முழுவதையும் உடைப்பார், நாளை சுவரை உடைப்பார், எதுவும் கிடைக்காவிட்டால் அக்கா சொன்னதே சரி என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

"அண்ணே, அங்க உடைக்காதீங்க."

உடைந்த கற்களைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தடவினான். கண்ணுக்குத் தெரியாத இடம் விரலுக்குத் தெரிந்தது. நகத்தால் சுரண்டியதும் பட்டி ஊறிப்போய் ஆடையாகக் கழன்று வந்தது. பின்னாலேயே தண்ணீர் நூலாகப் பீச்சியது. அவன் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டான்.

"நான் போட்ட ஓட்டைண்ணே. ஸ்க்ரூவைப் பிடுங்கிட்டு மூடிட்டேன். இப்பவும் உங்ககிட்ட பொய்தான் சொன்னேன்."

கொத்தனார் விரலைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். அடிப்பார் என்றுகூட எலக்ட்ரீஷியனுக்குத் தோன்றியது. அடித்தால் தேவலை. அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் போனார்.

"அக்கா," என்று கூப்பிட்டார். குரல் பிசிறியது. மறுபடியும் கூப்பிட்டார். "அக்கா, கொஞ்சம் மேல வா."

கீழே கதவு திறந்தது. செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. எலக்ட்ரீஷியன் விரலை எடுக்கவில்லை. விரலுக்கும் சுவருக்கும் நடுவே கசிந்த தண்ணீர் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.